'டோர் லாக்டு' - ஒரு தபால் புராணம்

முதல்ல ரெண்டு சட்டத்தைப் பாத்துடுவோம். பயப்படாதீங்க, ரெண்டும் நாலு வரிதான்.

ஒண்ணு, 1897ல வந்த ஜெனரல் கிளாசஸ் ஆக்ட், 27ஆம் பிரிவு. சரியா முகவரி எழுதி, தபால் செலவைக் கட்டி, பதிவுத் தபால்ல ஒரு கடிதத்தைப் போட்டுட்டா, வழக்கமா அது போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுமோ அந்த நேரத்துல சேர்ந்துட்டதாவே எடுத்துக்கணும். இல்லைன்னு யாராவது நிரூபிக்கிற வரைக்கும்.

ரெண்டாவது, 1898ல வந்த இந்திய அஞ்சல் சட்டம், 6ஆம் பிரிவு. தபால் தொலைஞ்சாலோ, வேற வீட்டுக்குப் போனாலோ, லேட்டானாலோ, கிழிஞ்சாலோ அரசாங்கம் பொறுப்பில்லை, தானா வாய்விட்டு ஏத்துக்கிட்ட விஷயங்களைத் தவிர. ஊழியரும் பொறுப்பில்லை, மோசடியாவோ வேணும்னேவோ செஞ்சிருந்தா ஒழிய.

இப்ப ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. உங்களுக்கு ஒரு நோட்டீஸ் வரலை. கோர்ட்டுல போய் 'வரலைங்க'ன்னு சொன்னா, 'வந்தமாதிரிதான், வரலைன்னா நீ நிரூபி'ங்கும் முதல் சட்டம். சரி, வராததுக்குக் காரணமானவங்க மேல கேஸ் போடலாம்னு போனா, 'தொலைஞ்சா நாங்க பொறுப்பில்ல'ங்கும் ரெண்டாவது சட்டம். ஒரே சர்க்கார், ஒரு வருஷ இடைவெளியில எழுதினது. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது வீட்டுக்காரன்.

இந்த நெலமை எப்படி வந்துச்சுன்னு ரெண்டு மூணு வாரமா தேடிப் படிச்சதுல, லண்டன், அமெரிக்கான்னு சுத்திட்டு நம்ம தெருமுனைக்கு வந்து நிக்க வேண்டியதாப் போச்சு. படிச்சதுல எனக்குத் தோணினது ஒண்ணே ஒண்ணு. வீட்டுக்குத் தபால் குடுக்கறதுல ஒரு பிரச்னை வரும்போதெல்லாம், அதைத் தீர்க்க வேலையில ஒரு பங்கை வீட்டுக்காரன் பக்கம் தள்ளியிருக்காங்க. பொறுப்பை மட்டும் யாரும் எடுத்துக்கலை. நம்ம தொழில் பாஷையில சொன்னா, சர்வர் லோடை எல்லாம் க்ளையன்ட் பக்கம் தள்ளிவிட்டு, எர்ரர் வந்தா 'யூஸர் மிஸ்டேக்'னு டிக்கெட்டை க்ளோஸ் பண்றது :-)

'தபால்ல போட்டா சேர்ந்தமாதிரி'ங்கிற எண்ணத்துக்கு ஒரு தாத்தா இருக்கார். 1817 செப்டம்பர் 2ஆம் தேதி இங்கிலாந்துல கம்பளி வியாபாரிங்க சிலர், 'இன்ன விலைக்குத் தர்றோம், தபால்ல பதில் போடுங்க'ன்னு ஒரு ஆலைக்காரங்களுக்கு எழுதினாங்க. எழுதினவங்க முகவரியில மாவட்டத்தைத் தப்பாப் போட்டுட்டாங்க. கடிதம் ஊர் சுத்தி 5ஆம் தேதி போய்ச் சேந்துச்சு. ஆலைக்காரங்க அன்னிக்கே 'சரி'ன்னு பதில் போட்டுட்டாங்க. அது வந்து சேர 9ஆம் தேதி ஆயிடுச்சு. வியாபாரிங்க 7ஆம் தேதியே பதிலை எதிர்பாத்து ஏமாந்து, 8ஆம் தேதி கம்பளியை வேற ஆளுக்கு வித்துட்டாங்க. கேஸ் கோர்ட்டுக்குப் போச்சு. பதிலைத் தபால்ல போட்ட நிமிஷமே ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு 1818ல தீர்ப்பு. நம்ம 1872 ஒப்பந்தச் சட்டத்துலயும் இதே சாயல் வந்து உக்காந்துச்சு. வக்கீல் நண்பர்கள் அடிக்க வராதீங்க, இதுவும் 27ஆம் பிரிவும் வேற வேற விதின்னு தெரியும். குணம் ஒண்ணுங்கிறேன், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு கவனிங்க. 1818ல முகவரியைத் தப்பா எழுதினவன் தலையிலதான் நஷ்டம் விழுந்துச்சு. அது நியாயம். யாருமே தப்பு பண்ணாத வீட்டுக்காரன் தலையில விழறதெல்லாம் பிற்பாடு வந்தது.

அந்தக் காலத்து இங்கிலாந்துல தபால் கூலியைப் பெரும்பாலும் வாங்கறவர்தான் கொடுக்கணும். தூரத்துக்கு இவ்வளவு, எத்தனை தாள் இருக்கோ அதுக்கு இவ்வளவு. தபால்காரர் ஒவ்வொரு வீட்டுலயும் கதவைத் தட்டி, ஆள் வர்ற வரைக்கும் நின்னு, காசு வாங்கி, சில்லறை கொடுத்துட்டுப் போகணும். வாங்கறவர் 'வேணாம்'னுட்டா அவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்த கூலி அரோகரா.

ரோலண்ட் ஹில் 1837ல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அனுப்பறவரே முன்கூட்டி காசு கொடுக்கட்டும், நாடு முழுக்க ஒரே கட்டணம்னார். 1840 ஜனவரி 10ல ஒரு பென்னி கட்டணம் வந்துச்சு, மே மாசம் தபால்தலை வந்துச்சு. 1839ல சுமார் 7.6 கோடியா இருந்த கடித எண்ணிக்கை அடுத்த வருஷமே சுமார் 16.9 கோடி. இதெல்லாம் ஸ்கூல் புக்குலயே உண்டு. எனக்குப் பிடிச்சது அதே புத்தகத்துல ஓரமா இருக்கற இன்னொரு யோசனை. காசுக்காக நிக்க வேண்டாம்னு ஆயிட்டா, கதவு திறக்கறதுக்கு மட்டும் எதுக்கு நிக்கணும்? வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி இருந்தா, போட்டுட்டு, கதவை ஒரு தட்டு தட்டிட்டு, தபால்காரர் நடையைக் கட்டலாமே!

பிற்பாடு தபால் துறை, கதவுல கடிதம் போட ஒரு துளை வெட்டிக்கோங்கன்னு ஜனங்களைக் கேட்டுக்கிட்டப்போ, ஒரு பிரபுவுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சாம். என்னோட மஹோகனி மரக்கதவுல ஓட்டை போடணுமான்னு சண்டைக்கு வந்துட்டார். சிரிப்பா இருந்தாலும் அவர் கேட்டதுல நியாயம் இருக்குன்னுதான் நெனைக்கிறேன். நடக்கற நேரம் மிச்சமாகறது தபால் துறைக்கு, ஓட்டை விழறது அவர் கதவுல.

இதே சண்டை அமெரிக்காவுல இன்னும் பெரிசா நடந்துச்சு. அங்க 1863 வரைக்கும் ஸ்டாம்ப் காசுங்கிறது தபால் ஆபீஸ்லேர்ந்து தபால் ஆபீஸ் வரைக்கும்தான். நீங்கதான் போய் வரிசையில நின்னு வாங்கிக்கணும். வீட்டுக்கு வேணும்னா சில ஊர்கள்ல தபால்காரருக்குக் கடிதத்துக்கு ஒரு சென்ட், ரெண்டு சென்ட் தனியா அழணும். அப்ப உள்நாட்டுப் போர் வேற. க்ளீவ்லேண்ட் தபால் ஆபீஸ்ல வேலை பாத்த ஜோசப் பிரிக்ஸ், போர்ல இருக்கற புருஷன், புள்ளைகிட்டேர்ந்து கடிதம் வந்துருக்கான்னு பொம்பளைங்க குளிர்ல வரிசையில நிக்கறதைப் பாத்துத்தான் வீட்டுக்கே கொண்டுபோய் குடுக்கற வழியை யோசிச்சார்னு சொல்வாங்க. 1863 ஜூலை 1, 49 ஊர்கள்ல இலவச வீட்டு டெலிவரி ஆரம்பம். அந்த வரிசையில நின்னவங்க எத்தனை பேருக்கு வராத கடிதத்துக்காக நின்னோம்னு பின்னாடி தெரிஞ்சிருக்கும்னு நெனச்சா மனசு ஒரு மாதிரி ஆகுது.

ஆனா ஒரு சிக்கல். கையிலதான் குடுக்கணும்னு விதி. தட்டணும், காத்திருக்கணும். ஆள் இல்லைன்னா திருப்பி எடுத்துட்டுப் போய் மறுபடி வரணும். இப்படிக் கதவு முன்னாடி நிக்கறதுலயே ஒரு தபால்காரருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல வீணாகுதுன்னு கணக்குப் போட்டாங்க. கடைசியா 1923 மார்ச் 1ஆம் தேதியோட கெடு வெச்சாங்க. வீட்டுல பெட்டியோ கதவுல துளையோ இல்லைன்னா தபால் கிடையாது. இங்கிலாந்துல கெஞ்சினதை இங்க மிரட்டி வாங்கிட்டாங்க.

கிராமத்துப் பக்கம் 1896ல சோதனையாத்தான் வீட்டுத் தபால் ஆரம்பிச்சுது, 1902ல நிரந்தரமாச்சு. அங்க விவசாயிங்க கைக்குக் கிடைச்சதை எல்லாம் கம்பத்துல மாட்டிட்டாங்க. கொழுப்பு வாங்கின வாளி, சோப்பு வந்த பெட்டி, எதுவா இருந்தா என்ன? மழையில நனையும், மூடி இருக்காது. ஸ்டாண்டர்டு இல்லாம ஆளாளுக்கு ஒரு இன்டர்ஃபேஸ் எழுதினா என்ன ஆகுமோ அது. 1915ல ராய் ஜோரல்மன்ங்கிற தபால் துறை இன்ஜினியர் ஒரு டிசைன் போட்டார். இங்கிலீஷ் படத்துல எல்லாம் வேலியோரமா ரொட்டி மாதிரி வளைஞ்ச தலையோட நிக்குமே, அந்தப் பெட்டிதான்.

இதுக்கு மேலதான் கூத்து. பெட்டியைக் காசு கொடுத்து வாங்கறது வீட்டுக்காரர், நட்டு வெக்கறது அவர், துருப்பிடிச்சா மாத்தறதும் அவர். ஆனா 1934ல வந்த சட்டப்படி, ஸ்டாம்ப் இல்லாத எதையும் வேற யாரும் அதுக்குள்ள போடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணப் பத்திரிகையைக் கூட! பெட்டி உங்களுது, உள்ள இருக்கற வெறும் இடம் சர்க்காரோடது.

பொறுப்புன்னு வரும்போது அங்கயும் நம்ம 6ஆம் பிரிவுக்கு ஒரு அண்ணன் தம்பி இருக்கு. 1946லேர்ந்தே, தபால் தொலைஞ்சாலோ வழிமாறிப் போனாலோ அரசாங்கத்து மேல நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது. 2006ல ஒரு அம்மாவோட வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. தபால்காரர் வாசல் திண்ணையில வெச்சுட்டுப் போன தபால் கட்டு தடுக்கி அவங்க விழுந்துட்டாங்க. இதுக்கு வழக்குப் போடலாம், விலக்கு இதுக்குப் பொருந்தாதுன்னு தீர்ப்பு. அதாவது தபால் தொலைஞ்சா கேக்க முடியாது, தபால் தடுக்கி விழுந்தா கேக்கலாம். நான் எழுதற கோட்லயே இந்த மாதிரி இஃப்-எல்ஸ் வராது சாமி.

சரி, நம்மூருக்கு வருவோம். 1854 அக்டோபர்ல நாடு முழுக்கச் செல்லுபடியாகிற தபால்தலை வந்துச்சு. கால் தோலா எடைக்கு அரை அணா, எவ்வளவு தூரமா இருந்தாலும். ஸ்டாம்ப் ஒட்டாமலும் போடலாம். அப்ப வாங்கறவர் ரெண்டு மடங்கு கட்டணும். அதான் நம்ம தாத்தா பாட்டி பேச்சுல வர்ற 'பேரிங் லெட்டர்'. இங்கிலாந்துல ஹில் ஒழிக்கப் பாடுபட்ட அந்த 'வாசல்ல நின்னு காசு வாங்கற' வேலை, நம்ம ஊர்ல பின்வாசல் வழியா நொழைஞ்சு ரொம்ப காலம் இருந்துச்சு.

ஆனா இந்தியாவுல உண்மையான தலைவலி காசு இல்லை, முகவரி. ஜியாஃப்ரி கிளார்க்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி 1921ல இந்திய அஞ்சல் துறை பத்தி எழுதின புத்தகத்துல, அந்தக் கால உறைகள் மேல என்னென்ன எழுதியிருந்துச்சுன்னு சில உதாரணம் குடுத்திருக்கார். முகவரிங்கிற பேர்ல பாதி ஆசீர்வாதம், மீதி அந்த ஆளோட குணநலன். இந்த கும்பல்ல பேட்டை பேரும் கடை பேரும் எங்கயோ ஒளிஞ்சிருக்கும். அதைப் படிச்சு ஆளைக் கண்டுபிடிச்சுக் கொடுத்துருக்காங்க பாருங்க, அந்தத் தபால்காரங்களுக்குக் கோயில் கட்டணும். கண்டுபிடிக்க முடியாதது எல்லாம் போய்ச் சேர்ற இடத்துக்கு ஆதியில 'டெட் லெட்டர் ஆபீஸ்'னு பேர். செத்த கடிதம்! அப்புறம் 'ரிட்டர்ன்ட் லெட்டர் ஆபீஸ்'னு கொஞ்சம் மங்களகரமா மாத்தினாங்க.

1972 ஆகஸ்ட் 15ல பின்கோடு வந்துச்சு. கொண்டு வந்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், தொலைத்தொடர்பு அமைச்சகத்துல அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும் கூட. ஒரே பேர்ல பத்து ஊர், பதினஞ்சு மொழியில கையெழுத்து, இதுக்கு நடுவுல பிரிக்கறவங்க என்ன பண்ணுவாங்க? ஆறு இலக்கம் போதும்னார். முதல் எண் மண்டலம் (நமக்கும் கேரளாவுக்கும் 6), முதல் மூணும் சேந்தா எந்தப் பிரிப்பு மாவட்டம்னு தெரியும், கடைசி மூணு டெலிவரி பண்ற தபால் ஆபீஸ். மெட்ராஸ்-17ன்னு இருந்த தி.நகர் 600017 ஆச்சு, மெட்ராஸ்-4 மயிலாப்பூர் 600004 ஆச்சு. ரொம்ப அழகான டிசைன். மனசார சொல்றேன், என்னால இதைவிட நல்லா யோசிக்க முடியாது.

ஆனா பாருங்க, இங்கயும் வேலை நம்ம பக்கம் வந்துச்சு. எண்ணைக் கண்டுபிடிச்சு எழுத வேண்டியது நாம. அதோட இது தபால் ஆபீஸ் வாசல் வரைக்கும்தான் கூட்டிட்டுப் போகும். அங்கேர்ந்து உங்க வீட்டுக்கு வழி இருக்கற ஒரே இடம், அந்த பீட் தபால்காரரோட தலை. ஹாஷ் டேபிள்ல பக்கெட்டை ஒரே தாவுல பிடிச்சுட்டு, பக்கெட்டுக்குள்ள ஒண்ணொண்ணா தேடற மாதிரி. அந்தத் தேடலை வேகமா முடிக்கறது பல வருஷ ஞாபகம் மட்டும்தான். சென்னையில 'ப.எண் 14, பு.எண் 37'ன்னு ரெண்டு நம்பரையும் சுமந்துட்டுத் திரியற வீடுகள் எத்தனை? ஒரே தெருவுல ஒருத்தரோட புது நம்பர் இன்னொருத்தரோட பழைய நம்பர். வழக்கமான தபால்காரர் இருக்கற வரைக்கும் இதெல்லாம் பிரச்னையே இல்லை, பேரைப் பாத்தே கொடுத்துடுவார். அவர் பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டார்னா தெருவே தலைகீழாயிடும்.

எங்க தெருவுல இப்படித்தான் ஒரு அண்ணனுக்கு அரசு வேலை இன்டர்வியூ கார்டு, இன்டர்வியூ முடிஞ்ச நாலாம் நாள் வந்துச்சு. பழைய நம்பர் வீட்டுல போட்டு, அவங்க ஊருக்குப் போயிருந்து, திரும்பி வந்து கொடுத்தாங்க. அவர் எங்க போய்க் கேப்பார்? கேட்டார், எழுதியும் கொடுத்தார். 'சாதாரணத் தபால், பதிவு இல்லை'ன்னு ஒரு வரி பதில். அவர் இப்ப வேற வேலையில நல்லாத்தான் இருக்கார், ஆனா அந்தக் கார்டை இன்னும் வெச்சிருக்கார்.

பதிவுத் தபாலா இருந்தா மட்டும்? அங்க வேற கதை. ஆள் இல்லைன்னா தபால்காரர் உறை மேல ஒரு குறிப்பு எழுதுவார். 'டோர் லாக்டு', 'லெஃப்ட்', 'ரெஃப்யூஸ்டு', 'அன்க்ளெய்ம்டு'. வெயில்ல மூணாவது மாடி ஏற மனசில்லாம எழுதின குறிப்பும் உண்டு, நிஜமாவே நாலு தடவை வந்து அலுத்து எழுதின குறிப்பும் உண்டு. உறையைப் பாத்தா வித்தியாசம் தெரியாது. ஆனா கோர்ட்டுல அந்த ரெண்டு வார்த்தைக்கு இருக்கற கனம் கொஞ்சநஞ்சம் இல்லை. செக் பவுன்ஸ் வழக்கை எடுத்துக்கோங்க. பணம் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, கிடைச்ச 15 நாள்ல கட்டலைன்னாதான் அது குற்றம். நோட்டீஸ் 'அன்க்ளெய்ம்டு'ன்னு திரும்பி வந்தா? சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தா கிடைச்சதாவே எடுத்துக்கலாம்னு 1999ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2007ல மூணு நீதிபதிகள் அமர்வு ஒரு ஜன்னலைத் திறந்து விட்டுச்சு: நோட்டீஸ் நிஜமாவே வரலைன்னு சொல்றவர், சம்மன் கிடைச்ச 15 நாளுக்குள்ள பணத்தைக் கட்டிட்டு, புகாரைத் தள்ளுபடி பண்ணுங்கன்னு கேக்கலாம். அதை செய்யாதவர் 'நோட்டீஸ் வரலை'ன்னு பேச முடியாது. நல்ல வழிதான். ஆனா கையில பணம் இருக்கறவருக்கு மட்டும் ஆன வழி.

இன்னொரு பக்கம், அனுப்பறவங்களுக்கு 'சர்டிஃபிகேட் ஆஃப் போஸ்டிங்'னு ஒண்ணு இருந்துச்சு. சில்லறைக் காசுக்கு ஒரு துண்டுத் தாள்ல முத்திரை. தபால் போட்டதுக்கு அத்தாட்சி, சேர்ந்ததுக்கு இல்லை. பழைய தேதியில முத்திரை வாங்கறது ஒண்ணும் பெரிய கம்ப சூத்திரம் இல்லைன்னு கோர்ட்டுகளே சந்தேகப்பட ஆரம்பிச்சு, 2011ல அந்த ஏற்பாட்டையே மூடிட்டாங்க. பதிவுத் தபால் 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேந்துடுச்சு.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமேன்னு கேப்பீங்க. போனாங்க. தேசிய ஆணையமே 6ஆம் பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பின வழக்குகள் இருக்கு. ஸ்பீட் போஸ்ட்டுக்கு மட்டும் துறையே ஒரு நஷ்ட ஈடு வெச்சிருந்துச்சு. பல வருஷமா இருந்த கணக்கு: லேட்டானா கட்டின கட்டணம் திரும்பக் கிடைக்கும், தொலைஞ்சா கட்டணத்துல ரெண்டு மடங்கு இல்லைன்னா 1000 ரூபாய், எது கம்மியோ அது. எது கம்மியோ அது! டிகிரி சர்டிஃபிகேட் தொலைஞ்சவருக்கு நூறு ரூபாய் சொச்சம்.

அந்த 1898 சட்டம் ஒரு வழியா போயிடுச்சு. 2023 டிசம்பர்ல புது அஞ்சல் சட்டம் நாடாளுமன்றத்துல நிறைவேறி, 2024 ஜூன் 18லேர்ந்து அமலுக்கு வந்துச்சு. கடிதம் கொண்டுபோக அரசாங்கத்துக்கு மட்டும்தான் உரிமைன்னு பழைய சட்டத்துல இருந்ததை எடுத்துட்டாங்க. நான் ஆசையா 6ஆம் பிரிவு என்ன ஆச்சுன்னு தேடிப் போனேன். பேர் மாறி 10ஆம் பிரிவா உக்காந்திருக்கு. விதிகள்ல ஏத்துக்கிட்ட பொறுப்பைத் தவிர வேற எந்தப் பொறுப்பும் கிடையாது, ஊழியருக்கு மோசடி, வேண்டுமென்றே செய்தது மட்டும். 125 வருஷம் கழிச்சு ரீஃபாக்டர் பண்ணி, அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணியிருக்காங்க. 1897 சட்டத்தோட 27ஆம் பிரிவு இருந்த இடத்துலயே இருக்கு.

அதனால நடைமுறைக்கு ரெண்டு விஷயம் சொல்லிடறேன். லேட்டா வந்த தபாலோட உறையைத் தூக்கிப் போடாதீங்க. முத்திரையில இருக்கற தேதியும், உள்ள கடிதத்துல இருக்கற தேதியும்தான் நாளைக்கு உங்க பக்கம் பேசற ரெண்டே சாட்சி. அதே மாதிரி, வராத தபாலை வந்துச்சுன்னு யாராவது சொன்னா, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினாங்கன்னு டெலிவரி விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கலாம். பத்து ரூபாய் செலவு.

கடைசியா ஒரு புதுச் சரக்கு. 2025 மே மாசம் அஞ்சல் துறை 'டிஜிபின்'னு ஒண்ணு வெளியிட்டிருக்கு. ஐஐடி ஹைதராபாத்தும் இஸ்ரோவோட தொலையுணர்வு மையமும் சேந்து செஞ்சது. இந்தியா முழுக்க சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்துல ஒரு குறியீடு. பின்கோடு தபால் ஆபீஸ் வாசல்ல விட்ட இடத்துலேர்ந்து இது வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டு வரும், தபால்காரர் ஞாபகத்தை நம்பி இருக்க வேண்டாம்னு ஆசையாப் போய் எங்க வீட்டுக்கு எடுத்துப் பாத்தேன். எங்களுக்கு முதல் மாடி. நேர் மேல ரெண்டாவது மாடி, அதுக்கு மேல மூணாவது மாடி, மூணு வீட்டு ஹாலுக்கும் ஒரே குறியீடு. கட்டத்துக்கு நீளம் அகலம் உண்டு, உயரம் கிடையாது. லிஃப்ட்டும் கிடையாது.